ஒப்புவித்தல் நாடகமாகுமா?

தமிழ்மொழித்தினம் நெருங்கியதும் வன்னிப் பாடசாலைகளில் ஆண்டுதோறும் ஒரு சடங்கு தொடங்கிவிடுகின்றது. கிளிநொச்சியாயினும் முல்லைத்தீவாயினும் வவுனியாவாயினும் காட்சி ஒன்றே. மாணவி ஒருத்தி மேடையேறுகின்றாள், சிலப்பதிகார வழக்குரை காதையின் சில அடிகளையோ மனோன்மணீயத்தின் கூற்று ஒன்றையோ உரத்த குரலில் ஒப்புவிக்கின்றாள், மணி ஒலிக்கின்றது, இறங்குகின்றாள். நடுவர்கள் உச்சரிப்புக்கு இத்தனை, குரலுக்கு இத்தனை, மனனத்துக்கு இத்தனை எனப் புள்ளியிடுகின்றனர். இதனைத்தான் நாம் நாடக இலக்கியப் பயிற்சி என்கின்றோம். இது நாடகத்தை வளர்க்கின்றதா, நாடகத்துக்கு ஈமக்கடன் செய்கின்றதா என்பதே எமது வினா.

யானும் அம்மேடையில் நின்றவள். கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் இடத்தை, எங்களூர் முதியவர் ஒருவரிடம் கேட்டுப் பழகிய கோவலன் கூத்தின் மெட்டிலே சொன்னேன். கூத்து மெட்டு இங்கே வேண்டாம் என்று கூறி நடுவர் ஒருவர் புள்ளியைக் குறைத்தார். அன்று அழுதேன். இன்று அழவில்லை, கேட்கின்றேன். எந்த அளவுகோலால் அம்மெட்டு குற்றமாயிற்று?

சிலப்பதிகாரத்தை இயலிசைநாடகப் பொருட்டொடர்நிலைச் செய்யுள் என மரபு போற்றுகின்றது. மூன்றில் இரண்டை வெட்டி எறிந்துவிட்டு எஞ்சிய ஒன்றைக் கிளிப்பிள்ளைபோற் சொல்லச் செய்வது எவ்வகைத் தமிழ்த் தொண்டு? 1891இல் பெ. சுந்தரம்பிள்ளை வெளியிட்ட மனோன்மணீயமோ நடிப்பதினும் படிப்பதற்கே உரியதென அறிஞர் பலர் கருதும் நாடகம். ஏட்டு நாடகம் மேடையை ஆள்கின்றது. மேடை நாடகமோ ஊர்க்கோடியில் ஒதுங்கி நிற்கின்றது.

வன்னி மண்ணுக்குக் கண்ணகி அந்நியள் அல்லள். வற்றாப்பளைக் கோயிலில் வைகாசிப் பொங்கலன்று அவளை நாடித் திரளும் மக்கள் வெள்ளத்தை அறியாதார் யார்? முல்லைமோடி எனத் தனிப்பெயர் பெற்ற ஆடல்மரபிலே கோவலன் கதையை ஆடிய மண் இது. அதே மண்ணிலேதான் 2009இன் பேரழிவும் நிகழ்ந்தது. காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரைப் பார்த்து வளர்ந்த மாணவிக்கு, அரசன் வாயிலில் நின்று ஒரு பெண் நீதி கேட்பதன் பொருளை எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. அவள் அறிந்த பொருளை அவளுடைய குரலிலிருந்து பிரித்தெடுப்பதே நமது போட்டிகளின் சாதனையாயிருக்கின்றது.

மனனம் வேண்டாவோ என்பர் சிலர். வேண்டும். நூற்றுக்கணக்கான பாடல்களை நெஞ்சிற் பதித்து வைத்திருந்த அண்ணாவிமாரைவிட மனனத்தில் வல்லார் யார்? ஆயின் அவர்கள் மனனம் செய்தது தாளத்தோடும் ஆட்டத்தோடும் கதை முழுவதோடும். போட்டி வேண்டாவோ என்பர் வேறு சிலர். அதற்கும் யாம் பகைவரல்லேம். கிரேக்கரின் ஏதென்சு நகரிலே டயோனிசசு விழாவில் நாடகங்கள் போட்டியாகவே அரங்கேறின. ஆயின் அங்கே போட்டியிட்டவை ஆடலும் பாடலும் நிறைந்த முழு நாடகங்கள். கி.மு. 480இல் சலாமிசுக் கடற்போரிற் பாரசீகரை வென்ற அந்நகரிலே, கி.மு. 472இல், தோற்ற பாரசீகரின் புலம்பலையே நாடகமாக்கி ஈசுக்கிலசு முதற்பரிசும் பெற்றான். வென்றவர் அவையிலே தோற்றவர் துயரைக் கேட்கச் செய்யும் ஆற்றல் நாடகத்துக்கு உண்டு. சில நிமிட ஒப்புவித்தலுக்கு அவ்வாற்றல் ஏது?

நேரமில்லை எனும் சாட்டும் நிற்காது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே 1962இல் கர்ணன் போரையும் பின்னர் இராவணேசனையும் மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடிய கூத்தைச் சில மணி நேரத்துள் அடக்கிக் காட்டினார். அவர் மாணவருக்கு ஒப்புவிக்கக் கற்பிக்கவில்லை; அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வந்தார். படிப்பறிவில்லார் கலை என ஒதுக்கப்பட்டது படித்தோர் அவையில் நிமிர்ந்து நின்றது.

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. தனியாள் ஒப்புவித்தலின் இடத்திலே குழுவாக ஆடும் அரைமணிக் கூத்து வரட்டும். பயிற்றும் உரிமை ஊரிலுள்ள அண்ணாவியாருக்கும் கிடைக்கட்டும்; அவருக்கு உரிய ஊதியமும் வழங்கப்படட்டும். நடுவர் மூவரில் ஒருவரேனும் களரியில் ஆடிய காலினராய் இருக்கட்டும்.

இவற்றிற்குப் பெரும் பொருள் தேவையில்லை, மனமாற்றமே தேவை. நாளை ஆசிரியராகவும் அதிகாரிகளாகவும் நடுவர்களாகவும் அமரப்போகின்றவர்கள் இவ்விதழைப் படிக்கும் நாமே. மத்தளம் அறிந்த முதியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போது கேட்காத மெட்டை அவர்கள் மறைந்தபின் எந்தப் புள்ளித்தாளில் தேடப்போகின்றோம்?