அப்பாவும் அம்பாரியும்

எங்கள் ஆபீஸ் மேனேஜர் தென்னாப்பிரிக்கா போய்விட்டு வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. மத்தியானம் நாங்கள் டிபன் பாக்ஸைத் திறந்தால், அவர் செல்போனைத் திறந்துவிடுவார்.

"இதுதான்யா ஷுலுஷுலுவே! ஜூலு ராஜாக்கள் வேட்டையாடின காடு. 1895லயே சரணாலயம் ஆக்கிட்டான். வெள்ளைக் காண்டாமிருகம் அழியாம தப்பிச்சதே இங்கதான்."

தினமும் என் சாம்பார் சாதத்தில் ஒரு காண்டாமிருகம் வந்து நின்றது. சோமனூர்க்காரனுக்கு ரோஷம் வராதா? ராஜா வேட்டையாடின காடும் அரண்மனையும் நமக்கு இல்லையா என்ன? பந்திப்பூரும் மைசூரும் எங்கே போச்சு? பாஸ்போர்ட் வேண்டாம். மாப்ளையின் பழைய ஆம்னி வேன் போதும். (என் புது பைக்கில் மூணு பேர் போக முடியாது.)

சனிக்கிழமை விடியற்காலை கிளம்பினோம். மாப்ளை, நான், எங்கப்பா. அப்பாவுக்கு வயசு 63. மில்லில் ரிடையர் ஆகி, இப்போது பக்கத்துத் தெருவில் நைட் ஷிப்ட் தறி ஓட்டுகிறார்.

"ரெண்டு நாள் நான் போகலீன்னா என்னாகறது?" என்றார்.

"ஒண்ணும் ஆகாதுங் மாமா. ஊர் கொஞ்சம் தூங்கும்" என்றான் மாப்ளை.

மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர் தாண்டி முதுமலை. 1940ல் சரணாலயமாகி, 2007ல் புலிகள் காப்பகம் ஆன காடு. மாப்ளைக்கு ஒவ்வொரு புதரும் புலியாகத் தெரிந்தது. கடைசியில் பார்த்தது என்னவோ மான், மயில், குரங்கு.

சாயந்திரம் தெப்பக்காடு முகாமில் யானைகளுக்குச் சாப்பாடு. கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து, உருண்டை பிடித்து, பாகன் வாயில் ஊட்டுகிறார். 2023ல் ஆஸ்கர் வாங்கிய யானைப் படம் எடுத்த இடம் இதுதான். அப்பா நகரவே இல்லை.

"வேலை என்ன கண்ணு இதுகளுக்கு?"

"கும்கிங்கப்பா. காட்டு யானை ஊருக்குள்ள வந்தா விரட்டறது."

"அப்ப நைட் ஷிப்டும் உண்டு" என்றார்.

இரவு 9 மணிக்குள் பந்திப்பூரைத் தாண்டியாக வேண்டும். 2009லிருந்து ராத்திரியில் அங்கே வண்டிகளுக்குத் தடை. மைசூர் மகாராஜாக்கள் வேட்டையாடிய காடு அது. ராஜா மட்டும் சுட வேண்டும் என்று மற்றவர்களை உள்ளே விடாமல் காத்ததில் காடு மிச்சமானது. 1973ல் புலிகள் திட்டம் ஆரம்பித்தபோது முதல் பட்டியலிலேயே இடம் கிடைத்தது. ஜூலு ராஜா கதையேதான். மேனேஜர் விமான டிக்கெட் காசை வீணாக்கிவிட்டார்!

ஞாயிற்றுக்கிழமை மைசூர் அரண்மனை. பழைய மர அரண்மனை 1897ல் இளவரசி கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்தது. ஹென்றி இர்வின் என்ற வெள்ளைக்காரர் போட்ட பிளானில் 1912ல் எழுந்தது இப்போதுள்ளது.

உள்ளே தங்க அம்பாரி. மொத்த எடை 750 கிலோ, அதில் தங்கம் மட்டும் சுமார் 80 கிலோ என்கிறார்கள். மாப்ளை உடனே கணக்குப் போட்டான். "பத்தாயிரம் பவுனுடா!"

அப்பா கேட்டார்: "இத்தனையும் யார் சுமக்கறது?"

கைடு சொன்னார். விஜயதசமி அன்று சாமுண்டீஸ்வரி சிலையோடு அம்பாரியை யானை சுமக்கும். 2012 முதல் 2019 வரை எட்டு தசராவில் சுமந்தவன் அர்ஜுனன். 1968ல் காகனகோட்டை காட்டில் கெட்டா முறையில் பிடிபட்டவன். கெட்டா என்றால், காட்டு யானைகளைக் கூட்டத்தோடு விரட்டி அடைப்புக்குள் மடக்குவது. மைசூர் ராஜாக்கள் விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டிய வேடிக்கை. 1971லதான் நின்றது. அறுபது வயசு தாண்டியதும் அர்ஜுனனுக்கு அம்பாரி வேலையிலிருந்து ஓய்வு.

"அப்புறம் நிம்மதியா இருந்தானாக்கும்?"

"இல்லை சார். காட்டு யானை பிடிக்கக் கூட்டிட்டுப் போனாங்க. 2023 டிசம்பர்ல, சக்லேஷ்பூர் பக்கம், ஒரு காட்டு யானையோட மோதி செத்துப்போச்சு."

"வயசு?"

"அறுபத்து மூணு, நாலு இருக்கும்."

அப்பா ஒன்றும் பேசவில்லை. ஏழு மணிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பல்பு ஒரே நொடியில் எரிந்தபோது எல்லோரும் "ஓ" என்றார்கள். அப்பா அதற்கும் பேசவில்லை.

அதற்கப்புறம்தான் உறைத்தது. பந்திப்பூர் வழி ராத்திரி மூடிவிடுவான். திம்பம் வழியும் அப்படித்தான். திங்கட்கிழமை லீவு! மேனேஜருக்கு போனில் வயிற்றுவலி சொன்னேன். பின்னாலேயே ஜட்கா மணி அடித்தது.

மறுநாள் சாம்ராஜ்நகர், திம்பம், இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு இறங்கி வீடு சேர மத்தியானம் ஆனது. சாயந்திரம் பார்த்தால் அப்பா தோளில் துண்டோடு கிளம்பி நிற்கிறார்.

"ஏனுங்கப்பா, இன்னிக்குமா? அந்த அர்ஜுனனைக்கூட..."

"ரெண்டு நாள் கூலி போச்சு கண்ணு. உன்ற பைக் டியூ இன்னும் பதினோரு மாசம் இருக்குதல்லோ?"

வாசலில் பைக் பளபளவென்று நின்றது. எட்டு மாசமாக அம்பாரி மேல் உட்கார்ந்திருந்தவன் யார் என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது டியூ என் சம்பளத்தில் போகிறது. அப்பா தறியை விடவில்லை. ஆனால் பகல் ஷிப்ட் மட்டும். என் மத்தியான பரோட்டா கட். பரவாயில்லை, மேனேஜர் காண்டாமிருகத்தைத் திறந்தால் பசி தானாகவே போய்விடுகிறது.