ரிஸ்பாளின் பாறையும் சித்துப்பாத்தி மண்ணும்

விசுவாசம் என்னும் சொல் எங்கள் திருச்சபைகளில் நாள்தோறும் புழங்குகின்ற சொல். கைமாறிக் கைமாறி நாணயம் தேய்வதுபோல அதுவும் தேய்ந்து வருகின்றது என்பது என் எண்ணம். வெளிநாட்டு விசா கிடைத்தால் அது விசுவாசத்தின் பலன். பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் அது விசுவாசத்தின் பலன். நோய் மாறினாலும் அவ்வாறே. ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி கூறுவோர் பெரும்பாலும் தாம் பெற்றுக்கொண்டதையே கூறுகின்றனர். பெற்றதற்கு நன்றி கூறுவது நற்பண்பு. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் கேட்டது கிடைக்காதவர், முப்பது ஆண்டுகளாக ஒரே வேண்டுதலை நெஞ்சில் சுமந்தபடி பின்வரிசையில் அமர்ந்திருப்பவர், எதைச் சொல்லி எழுந்து நிற்பார்? அவருக்கு விசுவாசம் குறைவு என்று நாம் கருதுகின்றோமா?

இக்கேள்வியை அரியாலையை முன்வைத்தே கேட்க விரும்புகின்றேன். ஏன் அரியாலை என்பது போகப்போகத் தெரியும்.

மெய்யான விசுவாசம் எது என்ற விவாதம் யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கு வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினர். தென்னாசியாவில் அக்காலத்தில் இருந்த மிகச் சிறந்த உயர்கல்விக் கூடங்களுள் அதுவும் ஒன்று. ஆனால் 1855இல் அமெரிக்காவிலிருந்து ரூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த குழு அதைப் பார்வையிட்ட பின்னர் செமினரி மூடப்பட்டது. மாணவர்கள் ஆங்கிலத்துக்காகவும் அரசாங்க உத்தியோகத்துக்காகவுமே வருகின்றனர், கிறிஸ்துவுக்காக அன்று என்பது அக்குழுவினரின் கவலைகளுள் முதன்மையானது.

அங்கு கற்ற இருவரை எண்ணிப் பாருங்கள். சி. வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்து பின்னர் சைவத்துக்குத் திரும்பியவர்; தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை இறுதிவரை கிறிஸ்தவராகவே இருந்து, உதயதாரகைப் பத்திரிகையை நடத்தி, பாவலர் சரித்திர தீபகத்தை எழுதியவர். இவ்விருவரில் எவருடைய நெஞ்சில் இறைவனைப் பற்றிய ஏக்கம் எவ்வளவு இருந்தது என்பதை அளக்க எந்தக் குழுவிடமும் அளவுகோல் இருக்கவில்லை. அண்டர்சன் குழு அளந்தது ஒன்றைத்தான்: இவர்கள் எதைப் பெறுவதற்காக வருகின்றார்கள்? நூற்றெழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் நாம் அதே கோலைத்தான் கையில் வைத்திருக்கின்றோம். அன்று பெறுவதற்காக வருபவனை ஐயுற்றார்கள். இன்று பெற்றவனை மேடையேற்றுகின்றோம். வேறுபாடு அவ்வளவே.

வேதாகமம் வேறொரு கோலைத் தருகின்றது. அதன் பெயர் தாகம்.

சங்கீதப் புத்தகத்தின் நூற்றைம்பது பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று புலம்பல் என்று வேத அறிஞர் கணக்கிடுவர். நாற்பத்திரண்டாம் சங்கீதத்தைப் பாடியவன் நீரோடையைத் தேடும் மானைப் போலத் தேவனைத் தேடுகின்றான். அவனுக்கு இரவும் பகலும் கண்ணீரே உணவாக இருக்கின்றது. உன் தேவன் எங்கே என்று அயலவர் ஏளனம் செய்கின்றனர். அவன் அதற்கு விடையொன்றும் வைத்திருக்கவில்லை. விடை இல்லாமலேயே தேடுகின்றான். எண்பத்தெட்டாம் சங்கீதமோ இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. மற்றைய புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் துதியாகத் திரும்பும். இது இருளிலேயே முடிகின்றது. அப்படி முடியும் ஒரு பாடலை யூதர்களும் கிறிஸ்தவர்களும் தங்கள் வழிபாட்டு நூலிலிருந்து நீக்காமல் வைத்திருந்தார்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

ஆறில்லாத குடாநாட்டில் பிறந்தவர்களுக்குத் தாகம் என்பதை விளக்கத் தேவையில்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீரையே நாம் கிணற்றில் அள்ளிக் குடிக்கின்றோம். அளவுக்கு மிஞ்சி வேகமாக இறைத்தால் அடியிலிருக்கும் உவர்நீர் மேலேறிவிடும். துலா மிதித்த காலத்துக் கமக்காரருக்கு இது தெரிந்திருந்தது. கிணறு ஊறும்வரை காத்திருக்கத் தெரியாதவன் நன்னீரை இழப்பான். வேண்டியவுடன் விடை வந்தேயாக வேண்டும் என்று கற்பிக்கும் பக்திக்கும் இது பொருந்தும்.

பத்திரிகைத் தொழிலுக்கு வருபவனுக்கு முதலில் ஆறு கேள்விகளைக் கற்பிப்பார்கள். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. இவ்வாறையும் கேட்டே நானும் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்திருக்கின்றேன். சங்கீதக்காரன் கேட்கும் கேள்வி இவற்றுள் இல்லை. அவன் எதுவரைக்கும் என்று கேட்கின்றான். அது செய்தி திரட்டுபவனின் கேள்வியன்று, காத்திருப்பவனின் கேள்வி. கேட்கப்படுபவர் அங்கே இருக்கின்றார் என்று நம்புபவன் மட்டுமே அதைக் கேட்க முடியும்.

இனி அரியாலைக்கு வருவோம்.

யாழ்ப்பாண நகரின் கிழக்கு எல்லையில், கண்டி வீதியின் இருமருங்கிலும் பரந்து கடல்நீரேரியைத் தொடுகின்ற ஊர் அது. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது இந்த வீதியால்தான் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார்கள். அன்றிரவு மழை பெய்ததையும், குடிக்க நீரின்றிக் குடையைத் தலைகீழாக விரித்து மழைநீரைச் சேர்த்ததையும் அன்று நடந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

அடுத்த ஆண்டு செப்டெம்பர் 7ஆந் திகதி, உயர்தர வகுப்பு இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டுத் துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பிய மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி செம்மணிக் காவலரணில் மறிக்கப்பட்டார். அவர் படுகொலை செய்யப்பட்டார். தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் அவ்வாறே கொல்லப்பட்டனர். அவர் கற்றது சுண்டுக்குளி மகளிர் கல்லூரியில். 1896இல் அங்கிலிக்கன் மிஷன் தொடங்கிய அக்கல்லூரிக்கு அது நூற்றாண்டு நிறைவு ஆண்டு. கிறிஸ்தவக் கல்விக்கூடம் ஒன்றின் சைவப் பிள்ளை. எனவே அந்தத் துயரை வேறொரு சமயத்தவரின் துயர் என்று யாழ்ப்பாணத்துத் திருச்சபை ஒதுக்கிவைக்க முடியாது.

1998 யூலையில் இவ்வழக்கில் தண்டனை பெற்ற படைவீரர் ஒருவர், செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் கூறினார். 1999இல் நடந்த அகழ்வில் 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. பின்னர் மண் மூடிக்கொண்டது. 2025 பெப்ரவரியில் அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்தில் தகனமேடை அமைப்பதற்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. மே மாதம் தொடங்கிய அகழ்வு செப்டெம்பர் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டபோது 230இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளங் காணப்பட்டிருந்தன. அவற்றுள் நான்கு அல்லது ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றினுடையதும் இருந்தது. அதன் அருகில் நீலநிறப் புத்தகப்பை ஒன்றும் கிடந்தது. ஓகஸ்ட் 5ஆந் திகதி, மீட்கப்பட்ட பொருள்களை மக்கள் பார்த்து அடையாளங் காண நீதிமன்றம் வழிசெய்தது. காணாமற்போனோரின் பெற்றோர் வந்து பார்த்தனர்.

அங்கு வந்து நின்ற ஒரு தாயிடம் சென்று, விசுவாசித்தால் கேட்டது கிடைக்கும் என்று சொல்ல உங்களால் முடியுமா? அவர் எதை விசுவாசிக்க வேண்டும்? அந்தப் பொருள்களுள் தம் பிள்ளையின் சட்டை இருக்க வேண்டும் என்றா, இருக்கக் கூடாது என்றா? சித்துப்பாத்தியில் பொருளிழந்துபோகும் எந்தப் பிரசங்கமும் ஆராதனை மண்டபத்திலும் பொருளற்றதே என்பது என் முடிபு.

இங்கே எனக்குத் துணைவருபவள் வேதாகமத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பெண். இரண்டாம் சாமுவேலின் இருபத்தோராம் அதிகாரத்தில் வரும் ரிஸ்பாள். தாவீதின் நாட்டில் மூன்று ஆண்டுகள் பஞ்சம். காரணம் என்னவென்று தாவீது விசாரிக்கின்றான். முன்னைய அரசனான சவுல் கிபியோனியரைக் கொன்றொழித்தான். அந்த இரத்தப்பழி தீராமல் நிற்கின்றது என்ற பதில் வருகின்றது. அரசொன்று செய்து, நியாயம் வழங்காது விட்ட கொலையால் தேசமே வறண்டு கிடக்கின்றது. அதற்கு ஈடாகச் சவுலின் வழிவந்த ஏழு பேர் கொல்லப்பட்டு மலைமேல் போடப்படுகின்றனர். அவர்களுள் இருவர் ரிஸ்பாளின் பிள்ளைகள்.

அவள் இரட்டுத்துணியைப் பாறையில் விரித்து அமர்கின்றாள். அறுவடை தொடங்கிய நாளிலிருந்து மழை பெய்யும்வரை பகலில் பறவைகளையும் இரவில் விலங்குகளையும் அந்த உடல்களை அண்டவிடாது காக்கின்றாள். தன் பிள்ளைகள் இருவரை மட்டுமன்று, மற்றைய ஐவரையுங் கூட. அவள் பேசியதாக வேதாகமத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஜெபித்ததாகவும் இல்லை. ஆனால் அவள் செய்தது அரசனின் காதுக்கு எட்டுகின்றது. அவன் சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் எடுப்பித்து, கொல்லப்பட்ட எழுவரின் எலும்புகளோடு சேர்த்து, முறைப்படி அடக்கம் செய்விக்கின்றான். அதற்குப் பின்னரே தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைத் தேவன் கேட்டார் என்று அந்தப் பகுதி முடிகின்றது.

அந்த வரிசையைக் கவனியுங்கள். எலும்புகளுக்குரிய மதிப்பு முதலில். வேண்டுதலுக்குச் செவிசாய்த்தல் பின்னர். நாம் பல ஆண்டுகளாகத் தேசத்துக்கான ஜெபத்தை முதலில் வைத்துவிட்டு எலும்புகளைப் பற்றிப் பேசாதிருந்து வருகின்றோம்.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆந் திகதி அமர்ந்த தாய்மாரும், 2025 யூன் மாதம் செம்மணியில் அணையா விளக்கை ஏற்றியவர்களும் ரிஸ்பாளின் பெயரைக் கேள்வியுற்றிருக்கமாட்டார்கள். ஆனால் அவள் பாறையில் விரித்த துணியில்தான் அவர்களும் அமர்ந்திருந்தார்கள். அவர்களுள் பலர் சைவர்கள். கிறிஸ்தவர்களும் உள்ளனர். மண்ணுக்குள் இருந்தவர்கள் எந்தச் சமயத்தவர் என்பதை எலும்பு சொல்லாது.

அரசியலைப் பிரசங்க பீடத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று சிலர் கூறக்கூடும். ரிஸ்பாளின் கதையை நான் பத்திரிகையிலிருந்து எடுக்கவில்லை; வேதாகமத்திலிருந்தே எடுத்தேன். கிறிஸ்தவன் மன்னிக்க வேண்டாமா என்று வேறு சிலர் கேட்பர். மன்னிக்கத்தான் வேண்டும். ஆனால் எதை மன்னிப்பது என்று அறியாமல் மன்னிப்பது எங்ஙனம்? இழந்தவர் சார்பில் இழக்காதவர் மன்னித்துவிட முடியுமா? மன்னிப்பு அந்தத் தாய்மாரின் உரிமை. உண்மையைக் கண்டறிந்து அவர்கள் கையில் கொடுத்த பின்னரே அதைப் பற்றிப் பேச எவருக்கும் வாயுண்டு.

யோபுவின் நண்பர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தேவனுக்காக வாதாடினார்கள். துன்பத்துக்கு விளக்கம் சொன்னார்கள். யோபு தேவனோடேயே வழக்காடினான். முடிவில் தேவன் சரியாகப் பேசியவன் என்று கூறியது யோபுவை. நண்பர்களையோ கடிந்துகொண்டார். சிலுவையில் தொங்கிய இயேசுவும் தாம் ஏன் கைவிடப்பட்டார் என்று உரத்த குரலில் கேட்டாரேயன்றி, அதற்கு விளக்கம் சொல்லவில்லை. தாகமாயிருக்கின்றேன் என்று அவர் கூறியதும் அங்கேதான்.

எங்கள் மண்ணில் இதை வாழ்ந்து காட்டியவர்கள் இல்லாமலில்லை. தெல்லிப்பழையில் பிறந்து உலகத் திருச்சபை மன்றம் வரை சென்ற டி. ரி. நைல்ஸ், நற்செய்தி கூறுபவனை இன்னொரு பிச்சைக்காரனுக்கு வழிகாட்டும் பிச்சைக்காரனுக்கு ஒப்பிட்டவர். நிரம்பியவனாகப் பேசாதே, பசித்தவனாகப் பேசு என்பது அதன் உட்பொருள். யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசப் அடிகளார் 2009 மே 18ஆந் திகதி, படையினரிடம் சரணடையச் சென்றவர்களோடு தாமும் சென்றார். திரும்பி வரவில்லை. காணாமற்போனோருக்காக மன்றாடும் திருச்சபை தன் சொந்தக் குருவுக்காகவும் மன்றாடுகின்றது.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. ஆண்டில் ஒரு ஞாயிறேனும் துதிப்பாடல்களைக் குறைத்துப் புலம்பற் சங்கீதங்களை வாசிக்கலாம். எண்பத்தெட்டாம் சங்கீதத்தை அதன் இருளோடேயே வாசித்து, அவசரமாக ஆமென் சொல்லாது சற்று மௌனமாக இருக்கலாம். பொது மன்றாட்டில் காணாமற்போனோரைச் சமய வேறுபாடின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். சாட்சி சொல்லும் வேளையில், இன்னும் பெற்றுக்கொள்ளாதவரையும் பேச அழைக்கலாம். சித்துப்பாத்திக்குப் போகலாம். போகும்போது கையில் துண்டுப்பிரசுரம் இருக்கக் கூடாது. பிறர் துயரைத் தன் சபைக்கு ஆள்சேர்க்கும் வாய்ப்பாகக் காண்பவன் யோபுவின் நண்பர்களிலும் கீழானவன். லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள தமிழ்ச் சபைகளுக்கும் இவை யாவும் இயலக்கூடியவையே.

தேவன்மேல் உள்ள ஏக்கத்தையும் தொலைந்தவர்மேல் உள்ள ஏக்கத்தையும் நாம் இரண்டு பாத்திரங்களில் பிரித்து வைத்திருக்கின்றோம். ரிஸ்பாளுக்கு அவை இரண்டாக இருக்கவில்லை. விடை வரும்வரை எழுந்து போகாதிருப்பதையே அவள் செய்தாள். அதற்கு விசுவாசம் என்று பெயரிட எனக்குத் தயக்கமில்லை.