பாலம் தாண்டிய பிறகு

ராமேஸ்வரத்துக்குப் போய்ச் சேருவது எப்படி என்று நூறாண்டுக்கும் மேலாக யோசித்து வந்திருக்கிறோம். 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் வந்தது. 1988 அக்டோபர் 2-ல் சாலைப் பாலம். 2025 ஏப்ரல் 6-ல், பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே, கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி செங்குத்தாக மேலேறும் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. மூன்றுமே பெருமைப்பட வேண்டிய வேலைகள். ஆனால் பாலம் தாண்டித் தீவுக்குள் இறங்கியவர் அங்கே எப்படிச் சுற்றுவது என்ற கேள்விக்கு மட்டும் இந்த மூன்று திறப்பு விழாக்களிலும் பதில் இல்லை. அதை அவரவர் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டோம்.

சென்னையில் எங்கள் சாந்தோமிலிருந்து ராமேஸ்வரம் கிளம்புகிறவர்கள் இரண்டு வகை. ராத்திரி ரயில் ஏறிப் போகிறவர்கள் ஒரு வகை. தெருவில் நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து, வழியில் வேளாங்கண்ணியையும் முடித்துக்கொண்டு போகிறவர்கள் இன்னொரு வகை. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து புதுப் பாலம் திறக்கும்வரை, இரண்டேகால் ஆண்டுகள், தீவுக்குள் ரயிலே வரவில்லை. அந்தக் காலத்தில் முதல் வகைக்காரர்களும் சாலைக்கு மாறினார்கள். இப்போது ரயில் திரும்பிவிட்டது. ரயிலில் வருகிறவர் கையில் வண்டி இல்லாமல் வருகிறார்; நெரிசலில் திணறும் சிறு தீவுக்கு இதைவிட நல்ல விருந்தாளி கிடைக்க மாட்டார். அவரை நாம் எப்படி வரவேற்கிறோம்? நிலைய வாசலிலேயே “தனுஷ்கோடி, ராமர் பாதம், கலாம் நினைவிடம், வில்லூண்டி எல்லாம் காட்டிக் கொண்டுவந்து விடுறேன், வாங்க சார்” என்ற பேரம் தொடங்கிவிடுகிறது.

அந்த அழைப்பைக் குறை சொல்லவில்லை. அது அவர்கள் பிழைப்பு. வேறு வழி இருப்பதை வந்தவருக்குச் சொல்ல ஆளில்லை என்பதுதான் குறை. தீவுக்குள் அரசு நகரப் பேருந்துகள் ஓடுகின்றன; தனுஷ்கோடிக்கும் பேருந்து உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்தாக இருந்தால் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. 2021 மே மாதம் வந்த அந்தச் சலுகைக்கு உள்ளூர்க்காரரா வெளியூர்க்காரரா என்ற கேள்வி கிடையாது. ஜெய்ப்பூரிலிருந்து வந்த பாட்டிக்கும் அது பொருந்தும். அந்தப் பாட்டிக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்தத் தீவு காருக்காக உருவானதல்ல என்பதை நாம் மறந்துவிட்டோம். 1914 முதல் 1964 வரை ரயிலே தீவின் கடைசி முனைவரை ஓடியது. எழும்பூரில் போட் மெயில் ஏறியவர் தனுஷ்கோடி துறையில் இறங்கி, கப்பலில் இலங்கையின் தலைமன்னாருக்குக் கடந்து, மறுபடி ரயிலேறிக் கொழும்பு போய்ச் சேரலாம். ரயிலைத் தவிரப் படகும் இருந்தது. யாத்ரீகர்களை ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு அழைத்துப் போய்வரப் படகு ஓட்டியவர்களில் ஒருவர் அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன்; மகன் தன் சுயசரிதையில் அதை எழுதியிருக்கிறார். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர் ரயிலையும் அதில் இருந்தவர்களையும் ஊரையும் சேர்த்துக் கொண்டுபோனது. அந்தப் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் மீட்டார் ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன். தனுஷ்கோடிப் பாதையை யாரும் மீட்கவில்லை. அதன் பிறகும் 1988 வரை மண்டபத்திலிருந்து சொந்தக் காரில் பாலம் கடந்து வர வழி கிடையாது. இன்று நாம் பார்க்கிற கார் நெரிசலுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை.

நெரிசலின் கணக்கு நிலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பாம்பனிலிருந்து தங்கச்சிமடம் வழியாக ராமேஸ்வரம் ஊர்வரை ஒரே பிரதான சாலை. அங்கிருந்து தீவு முடியும் அரிச்சல்முனைவரை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். அதுவும் ஒரே சாலை. ஒரு பக்கம் ஆண்கடல், மறுபக்கம் பெண்கடல், நடுவே மணல். மாற்றுப் பாதை, சுற்றுப் பாதை எதுவும் போட இடமில்லை. கடைசியில் தூண் நிற்கும் வட்டத்தைச் சுற்றி, போன வழியே திரும்ப வேண்டும். ஆகவே ஒவ்வொரு காரும் அந்தச் சாலையை இரண்டு முறை பயன்படுத்துகிறது. நடுவில் முனையருகே நிற்கவும் இடம் கேட்கிறது. மாலைக்கு மேல் அனுமதி இல்லை என்பதால் பிற்பகலில் எல்லாரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புகிறார்கள். விடுமுறை நாட்களில் சாலைப் பாலத்தின் மேலேயே வண்டியை நிறுத்தி ரயில் பாலத்தைப் படமெடுப்பது தனிக் கதை.

தனுஷ்கோடிச் சாலையில் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் 2017 வரை தார்ச்சாலை கிடையாது. மணலிலும் தண்ணீரிலும் ஓடப் பழகிய ஜீப்புகளும் வேன்களுமே ஆட்களை ஏற்றிப் போயின. குலுக்கலும் நெருக்கடியும் அதிகம். ஆனாலும் ஒரு வண்டியில் பலர் போனார்கள். அந்த ஆண்டு ஜூலையில் திறந்த சாலை அந்தப் பகிர்வை முடித்துவைத்தது. ஜீப்காரர்கள் பிழைப்பு போனது, வந்தவர்கள் தங்கள் காரிலேயே முனைவரை போனார்கள். சாலை போட்டது தவறென்று சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் வாழும் மீனவக் குடும்பங்களுக்கு அது தேவை. சாலை போட்ட அன்றே அதில் என்ன ஓடலாம் என்று தீர்மானித்திருக்க வேண்டும் என்கிறேன். 2019-ல் தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விட அடிக்கல் நாட்டினார்கள். சூழலைக் காரணம் காட்டி மாநில அரசு ஒப்பவில்லை. 2025 ஜூனில் அதே மாநில அரசு தனுஷ்கோடியைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. ரயிலால் சூழல் கெடும் என்றால், அதே மணலில் வரிசையாக ஊர்ந்து ஹாரன் அடிக்கும் கார்களால் கெடாதா?

வண்டியைக் கட்டுப்படுத்துவது நமக்குப் புதிதல்ல. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு, ஒரு நாளைக்கு இத்தனை வாகனம் என்ற வரம்பும் வந்தது. மலைக்கு ஏறப் பல பாதைகள், பல சோதனைச் சாவடிகள். பாம்பனுக்கோ ஒரே சாலைப் பாலம். எண்ணுவதற்கு இதைவிட வசதியான இடம் தமிழ்நாட்டில் இல்லை. சிங்கப்பூரின் செந்தோசாவுக்கு நம்மவர்கள் நிறையப் போகிறார்கள். அங்கே காரில் வந்தால் நுழைவுக் கட்டணம், தீவுக்குள் ஓடும் பேருந்து இலவசம். ராமேஸ்வரம் கேளிக்கைத் தீவு அல்ல, மக்கள் வாழும் ஊர், தர்ப்பணம் செய்ய வருகிற ஏழைகளின் ஊர். ஆகவே ஆளுக்குக் கட்டணம் கூடவே கூடாது. ஆனால் தனுஷ்கோடிச் சாலையில் வெளியூர்க் கார்களை விடுமுறை நாட்களிலாவது ராமேஸ்வரத்தோடு நிறுத்தி, அங்கிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து விடலாம். வழியில் கோதண்டராமர் கோயிலில் இறங்கி, அடுத்த பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சிறப்புப் பேருந்து விடத் தெரிந்த போக்குவரத்துக் கழகத்துக்கு இது பெரிய வித்தை இல்லை.

ஆட்டோக்காரர்கள் எதிர்ப்பார்கள் என்பார்கள். எதிர்ப்பார்கள்தான், காரணமும் இருக்கிறது. ஆனால் கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈரத் துணியோடு வெளியே வரும் முதியவருக்கு ஆட்டோதான் துணை. நிலையத்திலிருந்து விடுதிக்கு, விடுதியிலிருந்து கோயிலுக்கு, கோயிலிலிருந்து பேருந்துக்கு என்று சிறு தூரங்கள் கூடும். சொந்தக் காரில் வந்தவர் அந்தச் சிறு தூரத்துக்கு இன்று ஆட்டோ பிடிப்பதில்லை. முனைவரை போகும் பேருந்துகளை ஓட்டுவதில் பழைய ஜீப்காரர் குடும்பங்களுக்கு முன்னுரிமை தருவதும் நியாயம்.

சாந்தோமில் இருப்பவனுக்கு இதைப் பேச என்ன தகுதி என்று கேட்கலாம். புனித தோமாவின் பெயரால் சென்னையில் மூன்று தலங்கள். சின்னமலைக்கும் பரங்கிமலைக்கும் மெட்ரோ போகிறது. சாந்தோமுக்கு மாநகரப் பேருந்து, அல்லது பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கி ஒரு நடை. கார் இல்லாத யாத்ரீகர் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடுவார். அப்படியும் தேவாலயத்தின் முன்னால் சுற்றுலா வேன்கள் நின்று சாந்தோம் நெடுஞ்சாலை திணறுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வசதி இருந்தும் சொல்ல ஆளில்லாவிட்டால் இந்தக் கதிதான். நல்ல வேளையாக நமக்குப் பக்கத்துத் தெருக்கள் இருக்கின்றன. தனுஷ்கோடிக்குக் கடல்தான் பக்கத்துத் தெரு.

இ-பாஸுக்கும் புதுப் பேருந்துகளுக்கும் கோட்டையில் கோப்பு நகர வேண்டும், நாளாகும். ராமேஸ்வரம் நிலைய வாசலில் தனுஷ்கோடிப் பேருந்தின் நேரங்களைத் தமிழிலும் இந்தியிலும் தெலுங்கிலும் வங்காளத்திலும் ஆளுயரத்துக்கு எழுதி வைக்க ஒரு பெயின்டர் போதும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்பதை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுதச் சொல்ல வேண்டும்.