பெட்டியின் மேல் எழுதச் சொல்லுங்கள்

மத்திய நுகர்வோர் விவகாரத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,



பொறியியல் கலந்தாய்வு முடிகிற நாள்களில் கணினி கற்பிக்கும் எங்களைத் தேடிவரும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான். "சார், நாலு வருஷம் தாங்குற மாதிரி ஒரு லேப்டாப் சொல்லுங்க." பிள்ளையைக் கேட்டால் இன்னும் இரண்டு சேரும்: ஒரே நேரத்தில் நாலைந்து வேலை பார்க்க வேண்டும், ராத்திரி கொஞ்ச நேரம் கேம் ஆட வேண்டும். மூன்றும் நியாயமான ஆசைகள். கேட்பவர்களில் பலர் நகையை அடகு வைத்தோ மாதத் தவணையிலோ வாங்கப்போகிறவர்கள். படிப்புக்குத் தேவையென்றால் கணினியின் விலையையும் கல்விக் கடனில் சேர்த்துக்கொள்ள வங்கிகளின் மாதிரித் திட்டம் இடம் தருகிறது. அப்படி வாங்குகிறவர் படிப்பு முடிந்த பிறகும் அந்தப் பொருளுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பார். அவர்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்லத் தேவையான விவரம் கடையிலும் இல்லை, பெட்டியின் மேலும் இல்லை. ஆகவேதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கடையில் சொல்வது மூன்று விஷயம்: பிராசஸர் ஐ5 அல்லது ரைசன் 5, ராம் 8 அல்லது 16 ஜிபி, எஸ்எஸ்டி 512 ஜிபி. நான்கு வருடம் தாங்குமா என்பதை இவை பாதிதான் சொல்லும்.

ராமை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஸ்லாட்டில் செருகியதா, மதர்போர்டிலேயே சால்டர் செய்ததா? முதலாண்டில் சி நிரல் எழுதிப் பழக 8 ஜிபி தாராளம். மூன்றாம் ஆண்டில் கைப்பேசிச் செயலி எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ வரும். எமுலேட்டரோடு சேர்த்து ஓட்ட 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. அதன் பக்கத்தில் குரோமில் ஒரு டஜன் டேப் திறந்திருக்கும், ஆன்லைன் வகுப்பு ஒன்று ஓடும். ஸ்லாட் காலியாக இருந்தால் இன்னொரு ராம் வாங்கிப் போட்டுக் கவலையை முடித்துவிடலாம். சால்டர் செய்ததென்றால் முதல் நாள் வாங்கியதுதான் கடைசி நாள் வரைக்கும். கேம் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தனி கிராஃபிக்ஸ் இல்லாத மடிக்கணினியில் பட வேலைக்கும் இதே ராம்தான். ஒற்றை ராமுக்குப் பதில் இணையாக இரண்டு இருந்தால் ஆட்டம் நன்றாகவே வேகம் பிடிக்கும்.

இப்போது இது பணப் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் ராம் சிப்புகளை அள்ளிக்கொள்வதால் 2025 கடைசியில் அவற்றின் விலை உயர்ந்தது. குரூஷியல் என்ற பெயரில் நடத்திவந்த சில்லறை வியாபாரத்தையே கைவிடுவதாக ராம் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. "இப்போதைக்கு 8 ஜிபி, கையில் காசு வந்ததும் கூட்டிக்கொள்ளலாம்" என்று ஒரு குடும்பம் கணக்குப் போடுமானால், கூட்ட முடியுமா முடியாதா என்பது வாங்கும் முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிராசஸர் பெயர்கள் இதைவிடக் குழப்பம். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு. இரண்டும் ரைசன் 5, இரண்டும் 7 என்று தொடங்குகின்றன. முதலாவதில் 4 கோர்கள். உள்ளிருப்பது ஜென் 2, 2019இல் வந்த கட்டமைப்பு. இரண்டாவதில் 6 கோர்கள், ஜென் 3. உள்ளே பதித்த கிராஃபிக்ஸில் முதலாவதற்கு 2 அலகுகள், இரண்டாவதற்கு 7. வாலரண்ட் போன்ற எளிய ஆட்டத்திலேயே வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். போதாக்குறைக்கு, 7520யு போட்ட மடிக்கணினிகளில் ராம் சால்டர் செய்தே வரும். கட்டமைப்பின் தலைமுறையைக் காட்டுவது மூன்றாவது எண் என்று ஏஎம்டி நிறுவனம் 2022இல் விளக்கப்படமே வெளியிட்டது. அதைப் படித்துவிட்டா மணப்பாறையிலிருந்து வரும் ஒரு விவசாயி மகளோடு கடைக்குள் நுழைவார்?

தனி கிராஃபிக்ஸ் உள்ளவற்றிலும் இதே நிலைதான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4050 மடிக்கணினிக்கு மடிக்கணினி 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் இயங்கக்கூடும். ஸ்டிக்கர் ஒன்றே, வேகம் ஒன்றல்ல.

அடுத்தது பேட்டரி. இறுதியாண்டு ப்ராஜெக்ட் நேரத்தில், பேட்டரி உப்பி டச்பேடை மேலே தூக்கி நிற்கும் மடிக்கணினியோடு மாணவர்கள் வருவதைப் பார்க்க வருத்தமாக இருக்கும். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் திருச்சியிலும் வேலூரிலும், மின்விசிறி மட்டும் சுற்றும் விடுதி அறையில், மெத்தைமேல் வைத்து இரவு முழுக்க சார்ஜில் போட்டால் அது சீக்கிரமே தளர்ந்துபோகும். (படிக்கும் மாணவர்களுக்கு: பல நிறுவனங்களின் செயலியில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. வாங்கிய அன்றே அதைப் போட்டுவையுங்கள்.) தளர்வது இயற்கை, மாற்றுப் பேட்டரி கிடைக்காமல் போவதுதான் கொடுமை. உத்தரவாதம் பெரும்பாலும் ஒரு வருடத்தோடு முடிகிறது. மூன்றாம் வருடத்தில் அசல் பேட்டரி "ஸ்டாக் இல்லை" என்பார்கள். சந்தையில் கிடைக்கும் போலியை நம்பிப் போட முடியாது. திரையைத் தாங்கும் கீல் உடைந்தாலும் இதே கதை. பிளாஸ்டிக் மூடியில் பதித்த திருகுகள் பிய்த்துக்கொண்டு வந்தால், சின்ன உலோகத் துண்டுக்காக மேல்மூடி முழுவதையும் வாங்கச் சொல்வார்கள்.

பாகங்கள் எல்லாம் நன்றாக இருந்தும் மென்பொருள் கைவிட்டுவிடுவதும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 பெரும்பாலும் இன்டெல் பிராசஸர்களில் 8ஆம் தலைமுறையையும் அதற்குப் பிந்தையவற்றையும்தான் ஏற்கிறது. 2017இல் ஆசையாக வாங்கிய ஏழாம் தலைமுறை மடிக்கணினி, நன்றாக ஓடினாலும், லினக்ஸுக்கு மாறினால்தான் நெடுங்காலம் பாதுகாப்பாகத் தொடர முடியும்.

இவற்றில் எதையும் தடைசெய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. சால்டர் செய்த ராமுக்கு உண்மையான பயன் உண்டு: மின்சாரம் குறைவாகச் செலவாகும், கணினி மெல்லியதாக அமையும். பேருந்தில் தினமும் இரண்டு மணி நேரம் போய்வரும் மாணவிக்கு எடை குறைந்ததுதான் சரியான தேர்வாக இருக்கலாம். தெரிந்து வாங்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

அதற்கான அதிகாரம் உங்கள் துறையிடம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, ஆற்றல், விலை ஆகியவற்றை அறியும் உரிமையை நுகர்வோருக்குத் தந்திருக்கிறது. பெட்டியின் மேல் என்னென்ன அச்சிட வேண்டும் என்று சொல்லும் 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளும் உங்கள் துறையினுடையவை. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் குழு அமைத்தீர்கள். அந்த டிசம்பரிலேயே இணையதளம் தொடங்கினீர்கள். ஒரு பொருளை எவ்வளவு எளிதாகப் பழுதுநீக்கலாம் என்று காட்டும் பழுதுநீக்கக் குறியீட்டுக்கான குழு 2025 மே மாதம் அறிக்கையும் தந்துவிட்டது. உளமார வரவேற்கிறேன். ஆனால் அந்த அறிக்கை முதலில் கவனம் வைத்திருப்பது கைப்பேசியிலும் டேப்லெட்டிலும். கைப்பேசியை மக்கள் சில வருடங்களில் எப்படியும் மாற்றிவிடுகிறார்கள். மடிக்கணினியோ ஒரு பட்டப்படிப்புக் காலம் முழுக்க உழைக்க வேண்டியது, பெரும்பாலான குடும்பங்கள் ஒருமுறைதான் வாங்குவது. பிரான்ஸ் 2021 ஜனவரியில் இதேபோன்ற குறியீட்டில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடத் தொடங்கியபோது, முதல் ஐந்து பொருள்களில் மடிக்கணினியும் இருந்தது. உதிரிபாகம் கிடைக்கிறதா, என்ன விலை, எளிதாகக் கழற்றலாமா என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் அடக்கம்.

நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் எத்தனை நட்சத்திரம் என்று இன்று பாட்டிகூடக் கேட்டு வாங்குகிறார். 2006இல் அரசு தொடங்கிய திட்டம் அது. மடிக்கணினிக்கும் அப்படி ஒரு சீட்டு வேண்டும். ராம் கூட்டலாமா, எத்தனை ஸ்லாட் காலி, பிராசஸரின் கட்டமைப்பு எந்த ஆண்டினுடையது, கிராஃபிக்ஸ் எத்தனை வாட், அசல் பேட்டரி எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும், அதன் விலை என்ன. இவ்வளவும் அதில் இருந்தால் போதும். இடமில்லை என்று நிறுவனங்கள் சொன்னால் கியூஆர் குறியீட்டில் போடச் சொல்லுங்கள். மின்னணுப் பொருள்களுக்கு அந்தச் சலுகையை 2022இல் நீங்களே கொடுத்தீர்கள். விவரம் தமிழிலும் இருக்க வேண்டும், ஏனென்றால் பணம் கொடுப்பவர் பெரும்பாலும் தமிழில் படிப்பவர். இணையக் கடைகளுக்கும் இதே விதி பொருந்த வேண்டும்.

பழுதுநீக்கக் குறியீட்டில் மடிக்கணினியைச் சேருங்கள். அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை தொடங்கும் முன் அதற்கான அறிவிப்பை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி