சீவலப்பேரி மகாஜனங்களுக்கு ஒரு விஞ்ஞாபனம்

மகாஜனங்களே,

1954-ஆம் ஆண்டில் பஞ்சசீலம் என்று நம்மோடு கையொப்பமிட்ட சீன தேசம், சென்ற அக்டோபர் 20-ந் தேதி லடாக்கிலும் வடகிழக்கு எல்லையிலும் ஒரே சமயத்தில் படையெடுத்து, சில தினங்களுக்குள் தவாங்கையும் கவர்ந்துகொண்ட செய்தியைத் தாங்கள் அறிவீர்கள். பிரதமர் நேரு அவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஆகாய மார்க்கமாக ஆயுதங்கள் அனுப்பி வருகின்றன. அணிசேராக் கொள்கையைப் பேசிய நாம் அயலாரிடம் துப்பாக்கி வாங்கலாமா என்று படித்துறையில் சிலர் தர்க்கிக்கிறார்கள். சிற்றாறு தன் வெள்ளத்தையெல்லாம் நம் ஊரருகே கொண்டுவந்து கொட்டிய பின்னும் ஸ்ரீவைகுண்டத்தார் குளிப்பது தாமிரபரணியில்தான். அந்தத் தர்க்கத்துக்கு இதற்குமேல் விடை வேண்டியதில்லை.

எங்களுக்கு விசாரமெல்லாம், ‘அமெரிக்காக்காரன்தான் கொடுக்கிறானே, நாம் எதற்கு?’ என்று திண்ணையில் சாய்ந்துகொள்பவர்களைப் பற்றியே. பதின்மூவாயிரம் அடிக்கும் மேற்பட்ட சே லா கணவாயில், ஒவ்வொரு தோட்டாவுக்கும் தாழை இழுத்துத் தள்ளிச் சுட வேண்டிய பழைய 303 ரைபிளோடு, சமவெளிக்கென்று தைத்த பருத்திச் சட்டையும் கான்வாஸ் ஜோடும் அணிந்து நிற்கிற சிப்பாய், விரல் விறைத்துப்போன பிறகு எந்தத் தேசத்து யந்திரத் துப்பாக்கியைத்தான் இயக்குவான்? ஐப்பசி மழைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு பிசான நாற்று நடுகிற நமக்கு உறைபனி என்பது கேள்வி ஞானமே.

ஆதலின், தேசியப் பாதுகாப்பு நிதிக்குப் பணமாகவோ, பொன்னாகவோ, கம்பளியாகவோ தங்களால் இயன்றதை உதவ வேண்டுகிறோம். முந்திய யுத்தத்தின்போது, பட்டாவைப் பார்த்து வீட்டுக்கு இவ்வளவென்று விதித்து வாங்கிய வசூலின் கசப்பு இன்னும் பலருக்கு ஆறவில்லை, எங்களுக்கும்தான். இது அப்படியன்று. வீடு தேடி ஒருவரும் வர மாட்டார். கொடாதவர் பெயரை எங்கும் குறிக்க மாட்டோம். கழுத்துத் தாலியை யார் நீட்டினாலும் வாங்க மாட்டோம்.

தினந்தோறும் விளக்கு வைத்தபின் ஊர்ச் சாவடியில் ஆசாரி தராசோடு இருப்பார். பாம்படத்துக்குள் பாதி அரக்குத்தானே என்று பாட்டிமார் கூச்சப்பட வேண்டாம். அவர்கள் கண்ணெதிரே உருக்கி, அரக்குப் போக நின்ற பொன்னைக் குண்டுமணி பிசகாமல் நிறுத்து, ரசீதில் அவரவர் பெயரிலேயே எழுதித் தருவோம்.

இங்ஙனம்,
சீவலப்பேரி ஊரார்
நவம்பர், 1962