முகம் தெரியாத சந்தை



'டார்க் வெப்' எனும் மறைவு இணையத்தைப் பத்திரமாகப் பார்க்க வழி உண்டு என்று நம் வீட்டுப் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். டார் என்ற மென்பொருள், தகவலை மூன்று கணினிகள் வழியே சுற்றி அனுப்பி, பார்ப்பவரின் இருப்பிடத்தை மறைப்பது உண்மைதான். ஆனால் எதிரே கடை விரித்திருப்பவர் யார் என்று அது சொல்லாது.

எவல்யூஷன் என்ற சந்தையில், சரக்கு கைக்கு வரும் வரை பணத்தைச் சந்தை நடத்துபவர்களே பிடித்து வைத்திருந்தனர். 2015 மார்ச்சில் சுமார் 1.2 கோடி டாலர் மதிப்புள்ள பிட்காயினுடன் அவர்கள் மறைந்துவிட்டனர். போதைப்பொருள் விற்ற ஹன்சா சந்தையை 2017 ஜூனில் நெதர்லாந்து போலீசார் ரகசியமாகக் கைப்பற்றி, ஒரு மாதம் தாங்களே நடத்தினர். வாங்கியவர்கள் கொடுத்த விலாசங்கள் நேராகப் போலீசார் கைக்குப் போயின.

கடனுக்குச் சரக்கு கொடுக்குமுன் ஆளையும் கடையையும் ஊரையும் விசாரிப்பவர்கள் நாம். அங்கே மூன்றும் கிடையாது. ஏமாந்தவர் புகார் கொடுக்கப் போனால், வாங்கப்போன சரக்கு என்ன என்று முதலில் கேட்பார்கள்!

ஆகவே வேடிக்கைக்காகக்கூட, கடைக் கணக்கு உள்ள கணினியிலும் வங்கிச் செயலி உள்ள போனிலும் அதைத் திறக்க விடாதீர்கள். அங்கிருந்து எதையும் இறக்கவும் வேண்டாம். திருட்டுப் பாஸ்வேர்டுகள் அங்கே விலைபோகின்றன. எனவே வங்கிக்கும் இமெயிலுக்கும் வெவ்வேறு பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளுங்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

விற்பவரின் முகவரி தெரியாத இடத்தில் வியாபாரிக்கு வேலை இல்லை என்பதே என் கருத்து.