கொடுத்துப் பெறும் ஆங்கிலம்

ஒன்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்த எமது கிராமத்துப் பிள்ளை, இறுதியில் அந்நியர் ஒருவர் முன் இரண்டு வாக்கியம் பேச இயலாது நாணி நிற்கின்றது. பிள்ளையைக் குறைகூறுதல் நியாயமன்று. பேசுவதற்கு ஆளில்லாத மொழியை எவர்தாம் பேசப் பழகுவர்? குளத்தில் இறங்காமல் நீச்சல் கற்றவர் உண்டோ?

நகரத்தில் வசதியுள்ளோர் பணங்கொடுத்துத் தனிவகுப்புக்கு அனுப்புகின்றனர். வன்னியிலும் படுவான்கரையிலும் வயலை நம்பி வாழும் கமக்காரர் என் செய்வார்? 1987 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் எமது அரசியலமைப்பு ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கின்றது. அந்த இணைப்பு நகர எல்லையோடு நின்றுவிடலாமா?

தென்னமெரிக்காவிலுள்ள உருகுவே என்னும் சிறு நாட்டைப் பார்ப்போம். 2007 ஆம் ஆண்டு அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கிய அந்நாடு, ஆங்கில ஆசிரியர் போதாமையால், 2012 இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு புதியதொரு முயற்சியில் இறங்கியது. வாரம் ஒருமுறை, பிறநாடுகளிலிருந்துங்கூட, ஓர் ஆசிரியர் வகுப்பறைத் திரையில் தோன்றிக் கற்பிப்பார். மற்றைய பாடவேளைகளில் வகுப்பாசிரியரே பயிற்சியளிப்பார். அவர் ஆங்கிலத்தில் வல்லுநரல்லர். பிள்ளைகளோடு தாமும் கற்பவர். திரை மட்டுமே கற்பித்துவிடும் என்று அவர்கள் மயங்கவில்லை.

எமக்கோ இதனினும் நல்வாய்ப்பு உண்டு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வளரும் எம்மவர் பிள்ளைகள் ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசுகின்றனர். அவர்களுட் பலர் தமிழை இழந்து வருகின்றனர். இங்குள்ள பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும். அங்குள்ள பிள்ளைக்குத் தமிழ் வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் இருவரும் திரைவழி சந்திக்கட்டும்: அரை மணி ஆங்கிலம், அரை மணி தமிழ். நெல் விதைப்பதையும் பனங்கிழங்கு அவிப்பதையும் இவர் ஆங்கிலத்திற் சொல்லட்டும். பனி மூடிய தெருவை அவர் தமிழிற் சொல்லட்டும். சொல்வதற்குத் தன்னுடைய பொருளொன்று இருக்கும்போதே நா எழும். ஆங்கிலத்தால் தமிழ் தேயும் என அஞ்சுவோருக்கும் இதுவே விடை. இதில் யாசகர் எவருமிலர். இருவரும் கொடுக்கின்றனர், இருவரும் பெறுகின்றனர்.

இதற்குப் பிள்ளைக்கொரு கைத்தொலைபேசி வேண்டியதில்லை. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் தொற்றுநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கருவியும் இணைப்பும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கியதை நாம் மறக்கலாகாது. ஆகவே பாடசாலையிலோ வாசிகசாலையிலோ, ஒரே திரைமுன், ஆசிரியர் கண்காணிப்பில் இது நடைபெறல் வேண்டும். பிள்ளையின் முகவரியோ தொலைபேசி எண்ணோ வெளியே செல்லலாகாது. சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு இங்கு கூடினால் இலண்டனில் காலைவேளை. ரொறன்ரோவுக்கு மாலை 6.30 மணி பொருந்தும்.

வெளிநாடுகளிலுள்ள ஊர்ச் சங்கங்கள் மண்டபத்துக்கும் மதிலுக்கும் பணம் அனுப்புகின்றன. இனி வாரம் ஒரு மணி நேரத்தையும் அனுப்பட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் இங்கு முன்வந்து பொறுப்பேற்கட்டும். கமக்காரப் பெற்றோர் அந்த ஒரு மணி நேரம் பிள்ளையை வயல் வேலையிலிருந்து விடுவித்து அனுப்பட்டும். காலபோகத்துக்குத் தை மாதத்தில் விதைப்பார் எவருமிலர். பிள்ளைப் பருவமும் அத்தகையதே. காலத்தே விதைப்போமாக!